புகை யாருக்கு, சுவை யாருக்கு? விழுப்புரம் எரிவாயு அடுப்பு ஆய்வும் ‘பழக்கம்’ என்னும் விளக்கமும்

ஆய்வுச் சுருக்கம்

ஊரகப் பெண்கள் விறகடுப்பைக் கைவிடாமைக்குப் பழக்கமும் சுவை விருப்பமுமே காரணம் என்னும் கருத்து, அடுப்புத் திட்டங்கள் குறித்த பேச்சில் நெடுங்காலமாக நிலவி வருகிறது. விழுப்புரம், நாகப்பட்டினம் மாவட்டங்களைக் களமாகக் கொண்ட ஹேப்பின் ஆய்வின் முடிவுகளை முன்வைத்து இக்கருத்தை இக்கட்டுரை மறுபரிசீலனை செய்கிறது. குழந்தையின் பிறப்பு எடை முதலியவற்றில் எதிர்பார்த்த மாற்றம் நிறுவப்படவில்லை என்பதே அவ்வாய்வின் செய்தியாகப் பரவியுள்ளது. எரிபொருள் விலையின்றி வீடு தேடி வந்தபோது பெரும்பாலான பெண்கள் விறகைக் கைவிட்டனர் என்பது அதைவிடத் தெளிவான முடிவாகும். சங்கப் பாடல் முதல் இக்கால மருத்துவ ஆய்வு வரை, புகையைச் சுவாசிப்பவள் எங்ஙனம் கணக்கிற்கு வெளியே நிற்கிறாள் என்பதும் இங்கு ஆராயப்படுகிறது.

திறவுச்சொற்கள்: விறகடுப்பு, வீட்டகக் காற்று மாசு, விழுப்புரம், திண்டிவனம், எரிவாயு உருளை, பெண் உழைப்பு, குறுந்தொகை

1. முன்னுரை

சென்னையிலிருந்து திருச்சிராப்பள்ளி செல்லும் நெடுஞ்சாலையில் திண்டிவனத்தையும் விழுப்புரத்தையும் கடந்து செல்வோர், ‘விறகடுப்புச் சமையல்’ என்பதைச் சிறப்பாக அறிவிக்கும் உணவகப் பலகைகளைக் காண்பர். பயணிக்கு விறகடுப்பு என்பது சுவையின் பெயர். இழந்த கிராமத்தின் நினைவு. சாலையிலிருந்து உள்ளே திரும்பிச் சிற்றூர்களுக்குச் சென்றால் அதே விறகடுப்பு வேறொரு பொருள் தருகிறது. சவுக்கு மிளாறு, பனை மட்டை, வேலிகாத்தான் முள், கரும்புச் சோகை, வறட்டி எனக் கிடைப்பதையெல்லாம் எரித்து, ஊதுகுழலால் ஊதி, கண்ணைக் கசக்கிக்கொண்டே சமைக்கும் அன்றாட வேலை அங்கே அதன் பெயர். ஒரே அடுப்பு, உண்பவருக்குச் சுவையாகவும் சமைப்பவருக்குப் புகையாகவும் பிரிகிறது.

இப்பிரிவைக் கருதாமல் விறகடுப்பைப் பற்றிப் பேசும்போது, அதன் தொடர்ச்சிக்கான காரணம் எளிதாகச் சுவையிலும் பழக்கத்திலும் தேடப்படுகிறது. உலகச் சுகாதார நிறுவனத்தின் மதிப்பீட்டின்படி 2020ஆம் ஆண்டில் வீட்டகக் காற்று மாசினால் ஏறத்தாழ 32 இலட்சம் பேர் உயிரிழந்தனர். நாட்பட்ட நுரையீரல் அடைப்பு நோய், நுரையீரல் புற்றுநோய், மாரடைப்பு, பக்கவாதம், குழந்தைகளின் நிமோனியா ஆகியன இம்மாசுடன் தொடர்புபடுத்தப்படுகின்றன. இத்தகைய சிக்கலுக்குச் சொல்லப்படும் காரணம் பிழையானால் தீர்வும் பிழையாகும். எனவே ‘பழக்கம்’ என்னும் விளக்கம் எங்கிருந்து வந்தது, அது சான்றால் நிலைபெறுகிறதா என்று நோக்குவது இன்றியமையாதது.

2. இலக்கியத்தில் அடுப்பும் புகையும்

தமிழ் மரபில் எரியும் அடுப்பு வாழ்வின் அடையாளம். பெருந்தலைச் சாத்தனார் குமணனைப் பாடிய புறநானூற்று 164ஆம் பாடலில், சமைத்தலையே மறந்த அடுப்பில் காளான் பூத்திருக்கும் காட்சி வறுமையின் எல்லையைக் காட்டுகிறது. அடுப்பு எரியாமை பசியைக் குறிக்குமிடத்து, கூரைக்கு மேல் எழும் புகை நல்வாழ்வின் குறியாவது இயல்பே. ‘அடுப்பெரியவில்லை’ என்னும் இன்றைய வழக்கும் இப்பொருளையே தருகிறது. புகையைத் தீங்காகக் கருதாத மனநிலைக்குப் பசியின் அச்சம் ஒரு பின்புலமாக இருந்துள்ளது எனலாம்.

கூடலூர் கிழார் இயற்றிய குறுந்தொகை 167ஆம் பாடல் இன்னும் நுட்பமான ஒரு நிலையைக் காட்டுகிறது. புதிதாக இல்லறம் ஏற்ற தலைவி தயிரைப் பிசைந்த விரலை உடையில் துடைத்துக்கொண்டு, கண்ணில் தாளிப்புப் புகை படிய, புளிக்குழம்பை ஆக்குகிறாள். கணவன் சுவைத்து உண்டு பாராட்ட, அவள் முகம் நுண்ணிதாக மலர்கிறது. மகளின் மனையறச் சிறப்பைக் கண்டுவந்த செவிலி நற்றாய்க்கு உரைக்கும் கூற்று இது. இங்கே கண்ணில் படியும் புகை தாளிப்பின் புகையேயன்றி விறகின் புகையன்று. ஆயினும் பாடலின் அமைப்பு கவனிக்கத்தக்கது. புகை அவளுடையது, சுவை பற்றிய தீர்ப்பு அவனுடையது, அத்தீர்ப்பே புகையின் வருத்தத்தை மகிழ்ச்சியாக மாற்றுகிறது. அகமரபின் நோக்கில் இது அன்பின் வெளிப்பாடு. சமையலை ஓர் உழைப்பாக நோக்கும் வாசிப்பில், சமைப்பவளின் உடலில் நிகழ்வது உண்பவனின் மனநிறைவின் வழியாகவே மதிப்புப் பெறுகிறது என்பது புலனாகும்.

இவ்வுறவை இருபதாம் நூற்றாண்டில் வெளிப்படையாக வினவிய புனைவுகளுள் அம்பையின் ‘வீட்டின் மூலையில் ஒரு சமையலறை’ குறிப்பிடத்தக்கது. இராசத்தானக் குடும்பமொன்றின் பெரிய வீட்டில் சமையலறை மட்டும் எண்ணிப் பார்க்கப்படாத இடமாக, மூலையில் ஒதுங்கிக் கிடக்கிறது. அதனை வசதியாக்கலாம் என்னும் மருமகளின் யோசனை ஏற்கப்படுவதில்லை. உணவைப் பற்றி ஓயாது பேசும் வீடு, உணவு சமைக்கப்படும் இடத்தைப் பற்றிப் பேச மறுக்கிறது. காற்றும் ஒளியும் யாருக்கு வேண்டும் என்பது கட்டடக் கலையின் வினா மட்டுமன்று. வீட்டில் யாருடைய சொல் எடுபடும் என்னும் வினாவுமாகும் என்பதை அக்கதை உணர்த்துகிறது.

3. ‘பழக்கம்’ என்னும் விளக்கத்தின் தோற்றம்

புகையற்ற சமையலறைக்கான முயற்சி இந்தியாவில் புதிதன்று. எஸ். பி. ராஜு எழுதிய ‘ஸ்மோக்லெஸ் கிச்சன்ஸ் ஃபார் த மில்லியன்ஸ்’ என்னும் நூல் 1953ஆம் ஆண்டிலேயே சென்னையில் வெளியிடப்பட்டது. மண்ணால் கட்டிப் புகைபோக்கி பொருத்திய அடுப்பை எளிய வீடுகளுக்குக் கொண்டு செல்வதே அதன் நோக்கம். 1983இல் தொடங்கிய மேம்படுத்தப்பட்ட அடுப்புக்கான தேசியத் திட்டம் 2002 வரை நடந்தது. கோடிக்கணக்கில் அடுப்புகள் வழங்கப்பட்டும், நாளடைவில் அவற்றுள் பல பயன்பாட்டில் நிலைக்கவில்லை.

ஒடிசாவில் ரேமா ஹன்னா, எஸ்தர் டுஃப்லோ, மைக்கேல் கிரீன்ஸ்டோன் ஆகியோர் நடத்தி 2016இல் வெளியிட்ட ஆய்வு, இத்தகைய அடுப்புகள் முதலாண்டில் புகையைக் குறைத்தாலும் அதன்பின் பயனற்றுப் போயின எனக் காட்டியது. குடும்பங்கள் அவற்றை ஒழுங்காகப் பயன்படுத்தவில்லை, பழுதுபார்க்கவும் இல்லை. இம்முடிவிலிருந்து ‘மக்கள் மாற விரும்பவில்லை’ என்னும் கருத்தை அடைவது எளிது. ஆனால் வெடித்த மண்ணைப் பூசுவதும், கரிபடிந்த புகைபோக்கியைத் துப்புரவு செய்வதும் யார் வேலை, அதற்கான நேரம் எவருடையது என்னும் வினா அக்கருத்தில் இல்லை. புதிய அடுப்பு புகையைக் குறைக்கும் முன்பே அதே பெண்ணின் வேலையைக் கூட்டியது. அவள் அதனைக் கைவிட்டதைப் பழக்கம் என்று பெயரிடுவது, காரணத்தை அறியாமலேயே வினாவை முடித்துவைப்பதாகும்.

விறகடுப்பில் வெந்த சோற்றுக்கும் மண்சட்டியில் காய்ந்த குழம்புக்கும் தனிச்சுவை உண்டு என்பதைப் பெண்களும் கூறுவர். அது பொய்யன்று. ஆனால் சுவை உண்டு என்பது ஒன்று. சுவைக்காகவே புகையைத் தேர்ந்தெடுத்தனர் என்பது வேறொன்று. வேறு வழி இருந்தும் விறகைத் தேர்ந்தால்தான் இரண்டாவது கூற்று மெய்ப்படும். அத்தகைய வேறு வழியை உண்மையாகவே ஏற்படுத்தித் தந்த ஆய்வு ஒன்று விழுப்புரத்தில் நடந்தது.

4. விழுப்புரத்து ஆய்வு

ஹேப்பின் எனச் சுருக்கமாக அழைக்கப்படும் வீட்டகக் காற்று மாசுத் தலையீட்டு ஆய்வு இந்தியா, கவுதமாலா, பெரு, ருவாண்டா ஆகிய நான்கு நாடுகளில் நடைபெற்றது. இந்தியக் களப்பணியைச் சென்னை ஸ்ரீ ராமச்சந்திரா உயர்கல்வி ஆராய்ச்சி நிறுவனத்தைச் சேர்ந்த கல்பனா பாலகிருஷ்ணன் தலைமையிலான குழு மேற்கொண்டது. விழுப்புரமும் நாகப்பட்டினமும் களங்களாயின. ஆய்வில் பெண்களைச் சேர்க்கத் தொடங்கிய 2018இல் கள்ளக்குறிச்சி விழுப்புரம் மாவட்டத்தின் பகுதியாகவே இருந்தது. 2019 நவம்பரில் அது தனி மாவட்டமாயிற்று.

நாட்டிற்கு 800 பேர் வீதம் 3200 கருவுற்ற பெண்கள் ஆய்வில் சேர்க்கப்பட்டனர். அனைவரும் விறகு, வறட்டி போன்றவற்றை முதன்மை எரிபொருளாகக் கொண்ட வீட்டினர். கருவுற்று 9 முதல் 20 வாரத்திற்குட்பட்டோர். குலுக்கல் முறையில் இரு பிரிவாக்கி, ஒரு பிரிவினருக்கு எரிவாயு அடுப்பும் 18 மாதங்களுக்குத் தேவையான எரிவாயுவும் விலையின்றி வீட்டிற்கே வழங்கப்பட்டன. மறுபிரிவினர் வழக்கமான அடுப்பிலேயே சமைத்தனர். பெண்கள் உடலில் அணிந்த சிறு கருவிகள், அவர்கள் சுவாசிக்கும் காற்றிலுள்ள பி.எம். 2.5 என்னும் நுண்துகளின் அளவைப் பதிவு செய்தன. 1980களின் தொடக்கத்தில் கிர்க் ஸ்மித் குஜராத்தின் சிற்றூர்ப் பெண்களிடம் மேற்கொண்ட முன்னோடி அளவீடுகளின் தொடர்ச்சி இம்முறை. ஹேப்பின் ஆய்வை வடிவமைத்தோருள் அவரும் ஒருவர்.

2022இல் வெளியான முடிவுகளின்படி, கருக்காலத்தில் எரிவாயுப் பிரிவினர் சுவாசித்த நுண்துகளின் 24 மணிநேரச் சராசரி கனமீட்டருக்கு 23.9 மைக்ரோகிராம், விறகுப் பிரிவினருக்கு 70.7 மைக்ரோகிராம். ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்காக மாசு குறைந்தது. பிறப்பு எடையின் சராசரி முறையே 2921 கிராம், 2898 கிராம். புள்ளியியல் திருத்தத்திற்குப் பின் வேறுபாடு 19.8 கிராம், இது தற்செயலாகவும் நிகழ்ந்திருக்கக் கூடிய எல்லைக்குள்ளேயே உள்ளது. ஓராண்டுக்குட்பட்ட குழந்தைகளின் கடும் நிமோனியாவிலும் வளர்ச்சிக் குறைவிலும் பயன் காணப்படவில்லை என 2024இல் வெளியான கட்டுரைகள் தெரிவித்தன.

5. முடிவுகளை வாசிக்கும் முறை

‘எரிவாயு தந்தும் பயனில்லை’ என்று இம்முடிவுகளைச் சுருக்குவது பிழையான வாசிப்பாகும். முதலாவதாக, தலைப்புச் செய்தியாகும் எண்கள் நான்கு நாடுகளின் கூட்டுச் சராசரிகள். பெருவின் மலைச் சிற்றூரும் விழுப்புரத்தின் கரும்பு, மணிலாப் புன்செய் ஊர்களும் அதில் ஒன்றாகக் கரைகின்றன. அச்சராசரியை விழுப்புரத்துப் பெண்ணின் நிலையாக அப்படியே கொள்ள இயலாது.

இரண்டாவதாக, இதே சென்னைக் குழுவினர் தமிழ்நாட்டில் 1285 தாய்மார்களைத் தொடர்ந்து நோக்கி 2018இல் வெளியிட்ட ஆய்வு, கருக்காலத்தில் நுண்துகள் 10 மைக்ரோகிராம் கூடும்போது பிறப்பு எடை சராசரியாக 4 கிராம் குறைவதாகக் கண்டது. ஹேப்பின் ஆய்வில் இரு பிரிவினருக்கிடையே இருந்த வேறுபாடு 46.8 மைக்ரோகிராம். முந்தைய கணக்கைப் பொருத்தினால் எதிர்பார்க்கத்தக்க எடை வேறுபாடு ஏறத்தாழ 19 கிராம். கிடைத்ததும் ஏறத்தாழ அதுவே. அளவிடும் முறையும் களங்களும் வேறானவை. ஆதலால் இவ்வொற்றுமையை மெய்ப்பிப்பாகக் கொள்ளலாகாது. எனினும், ‘விளைவே இல்லை’ என்பதும் ‘இவ்வளவு சிறிய விளைவை உறுதிப்படுத்த இயலவில்லை’ என்பதும் வெவ்வேறு கூற்றுகள் என்பதை இக்கணக்கு நினைவூட்டுகிறது.

மூன்றாவதாக, எரிவாயு வந்தபோது பெண்கள் கருவுற்று மாதங்கள் கடந்திருந்தன. அதற்கு முன் பல்லாண்டுகள் சுவாசித்த புகையை 18 மாத எரிவாயு ஈடுசெய்யும் என எதிர்பார்க்க இயலாது. தம் வீட்டில் விறகு எரியாவிடினும் அண்டை வீட்டுப் புகையும் குப்பை எரிப்பும் காற்றில் கலந்தே இருந்தன. 23.9 என்னும் அளவுகூட உலகச் சுகாதார நிறுவனம் 2021இல் பரிந்துரைத்த 24 மணிநேர அளவாகிய 15ஐவிட மிகுதி. இவற்றால் ஆய்வு பிழையானது என்றாகாது. மருத்துவ விளைவைப் பற்றி அது கூறுவது வரம்புக்குட்பட்டது என்பதே பெறப்படும்.

6. பழக்கமா, விலையா?

மருத்துவ விளைவில் ஐயம் எஞ்சினும் இன்னொரு முடிவில் ஐயமில்லை. அடுப்பும் எரிவாயுவும் விலையின்றி வீட்டிற்கு வந்தபோது பெரும்பாலான பெண்கள் எரிவாயுவிலேயே சமைத்தனர். அவர்களின் வாய்மொழியை மட்டும் நம்பாமல், பழைய அடுப்புகளில் வெப்பமறியும் கருவிகளைப் பொருத்தியும் இது சரிபார்க்கப்பட்டது. நுண்துகள் மூன்றில் ஒன்றாகக் குறைந்ததே இதற்கு மறுக்கவியலாச் சான்று. விறகடுப்பு பக்கத்தில் எரிந்துகொண்டே இருந்திருந்தால் அக்குறைவு நிகழ்ந்திராது. தலைமுறைகளாக நிலவியதாகக் கூறப்பட்ட பழக்கம், விலைத்தடை நீங்கிய சில நாள்களில் விலகி நின்றது.

இதற்கு மறுப்பாகச் சிலவற்றைக் கூறலாம். ஆய்வாளர்கள் அடிக்கடி வீடு தேடி வந்தனர், பயன்பாட்டை வலியுறுத்தினர், பழுதை நீக்கித் தந்தனர். கருவுற்ற பெண்ணுக்குக் குடும்பத்தில் கிடைக்கும் தனிக்கவனமும் துணைநின்றிருக்கும். இவை பொருட்படுத்தத்தக்கவையே. ஆனால் இவற்றுள் எதுவும் பழக்க விளக்கத்திற்கு ஆதரவாகாது. வழங்கல் ஒழுங்காக இருந்தால், பழுது உடனே நீங்கினால், வீட்டார் ஒத்துழைத்தால் பெண்கள் மாறுகின்றனர் என்பதே அவற்றின் பொருள். தடை பெண்ணின் மனத்தில் இல்லை. அவளைச் சுற்றியுள்ள ஏற்பாட்டில் உள்ளது.

அவ்வேற்பாட்டின் நிலையை அரசுத் திட்டங்களின் வரலாறு காட்டும். 2006இல் அமைந்த தமிழக அரசு ஏழைக் குடும்பங்களுக்கு இலவச எரிவாயு அடுப்பு வழங்கியது. 2016 மே 1இல் தொடங்கிய பிரதம மந்திரி உஜ்வலா திட்டம் நாடெங்கும் இணைப்புகளைப் பெண்கள் பெயரில் தந்தது. அடுப்பும் இணைப்பும் ஒருமுறைச் செலவுகள். உருளையை நிரப்புவதோ திரும்பத் திரும்ப வரும் செலவு. இந்தியக் கணக்குத் தணிக்கைத் தலைவரின் 2019ஆம் ஆண்டு அறிக்கை, ஓராண்டுக்கு மேல் இணைப்பு வைத்திருந்த உஜ்வலா பயனாளிகள் 2018 இறுதி நிலவரப்படி ஆண்டுக்குச் சராசரியாக 3.21 உருளைகளையே வாங்கினர் எனக் கண்டது. 14.2 கிலோ உருளையாகக் கணக்கிட்டால் இது ஒரு குடும்பத்திற்கு நாளொன்றுக்கு ஏறத்தாழ 125 கிராம். அவ்வளவில் தேநீரும் அவசரச் சமையலும் நடக்கலாம். மூன்று வேளைச் சமையலுக்கு விறகே துணை. 2022இல் உருளைக்கு 200 ரூபாயும் 2023 அக்டோபரிலிருந்து 300 ரூபாயும் உஜ்வலா பயனாளிகளுக்கு மானியமாக்கப்பட்டன. விலையே தடை என்பதை அரசும் ஏற்றதன் அடையாளமாக இதனைக் கொள்ளலாம்.

விறகு விலையற்றது என்னும் எண்ணமும் ஆய்வுக்குரியது. வேலிகாத்தானை வெட்டி முள் கழித்துக் கட்டிச் சுமப்பதும், சாணம் திரட்டி வறட்டி தட்டுவதும், மழைக்கு முன் விறகை உள்ளே அடுக்குவதும் பெண்ணின் மணிநேரங்கள். அம்மணிநேரங்களுக்குக் கூலி கணக்கிடப்படாததால்தான் விறகு இலவசமாகத் தோன்றுகிறது. உருளைக்குத் தர வேண்டியது ரொக்கம். விறகுக்குத் தர வேண்டியது உடல். கூலி வேலை நாள்தோறும் நிச்சயமில்லாத வீட்டில் ரொக்கத்தைக் காப்பாற்ற உடல் செலவிடப்படுகிறது. இது கணக்கறியாமையன்று, இல்லாமையின் கணக்கு.

நெல் அவிப்பதற்கும், குளிக்க வெந்நீர் போடுவதற்கும், மாட்டுக்குக் கூழ் காய்ச்சுவதற்கும் எரிவாயு வீடுகளிலும் வாசல் அடுப்பில் விறகு எரிவதுண்டு. பெரிய பாத்திரத்திற்கும் நீண்ட நேர எரிப்புக்கும் உருளை கட்டுப்படியாகாது. இதனையும் பழக்கமென்பது பொருந்தாது. தேசியக் குடும்பநல ஆய்வு முதன்மையாகப் பயன்படுத்தும் எரிபொருளையே வினவுவதால் இவ்விரண்டாம் அடுப்பு கணக்கில் வருவதில்லை. 2019–21 ஆய்வின்படி தமிழ்நாட்டில் ஐந்தில் நான்கு பங்குக்கு மேற்பட்ட வீடுகள் தூய எரிபொருளைப் பயன்படுத்துகின்றன. அவ்வீடுகளின் வாசலில் புகை முற்றும் நின்றுவிட்டது என அவ்வெண்ணைப் பொருள்கொள்ளலாகாது.

7. அளவிடப்படாத பெண்

ஹேப்பின் ஆய்வு தனக்கு வகுத்துக்கொண்ட முதன்மை விளைவுகள் நான்கு: பிறப்பு எடை, குழந்தையின் கடும் நிமோனியா, ஓராண்டு நிறைவில் குழந்தையின் வளர்ச்சிக் குறைவு, அவ்வீட்டில் வாழும் மூத்த பெண்களின் இரத்த அழுத்தம். முதல் மூன்றும் குழந்தையைப் பற்றியன. நான்காவது மாமியார் நிலையிலுள்ள மூத்தவரைப் பற்றியது. கருவியை அணிந்து, அடுப்பின் முன் அமர்ந்து, புகையைச் சுவாசித்த இளந்தாயின் உடல் இந்நான்கனுள் எதிலும் இடம்பெறவில்லை. துணை அளவீடுகளில் அவள் இடம்பெற்றிருப்பினும், ஆய்வின் வெற்றி தோல்வியைத் தீர்மானிக்கும் இடத்தில் அவள் இல்லை.

இத்தெரிவுக்கு அறிவியல் காரணங்கள் உண்டு. நுரையீரல் நோய் முற்றப் பல்லாண்டுகளாகும். பதினெட்டு மாத ஆய்வில் அதனை அளக்க இயலாது. குழந்தை நலம் விரைந்து புலப்படும். கொள்கை வகுப்போரையும் எளிதில் அசைக்கும். ஆயினும் இதன் விளைவு ஒன்று உண்டு. குழந்தையின் எடை கூடவில்லையெனில் தாயின் கண்ணெரிச்சலும் இருமலும் விறகு சுமந்த முதுகுவலியும் ஒழிந்தது பயனாகவே எண்ணப்படாது போகிறது. குறுந்தொகைப் பாடலில் கணவனின் நாவின் வழி மதிப்புப் பெற்ற உழைப்பு, இங்கே குழந்தையின் எடையின் வழி மதிப்புப் பெறக் காத்திருக்கிறது. ஒன்று இரண்டாயிரம் ஆண்டுப் பழமையான அகப்பாடல். மற்றொன்று நான்கு நாடுகளில் நடந்த மருத்துவ ஆய்வு. இரண்டையும் சமப்படுத்துவது இங்கு நோக்கமன்று. சமைப்பவளின் உடல் தானே ஒரு நோக்கமாகாமல் பிறிதொருவரின் நலத்திற்கு வாயிலாகவே எண்ணப்படும் அமைப்பு இரண்டிலும் தொடர்வதைச் சுட்டுவதே நோக்கம்.

8. முடிவுரை

விழுப்புரத்துச் சிற்றூர்களையும் உள்ளடக்கிய ஹேப்பின் ஆய்வு, எரிவாயு குழந்தையின் எடையைக் கூட்டுமா என்னும் வினாவிற்கு உறுதியான விடை தரவில்லை. பெண்கள் புகையை விரும்பியா ஏற்றனர் என்னும் வினாவிற்கோ, அது கேட்காமலேயே தெளிவான விடை தந்துள்ளது. விலையும் வழங்கலும் தடையாக இல்லாதபோது விறகடுப்பு தானாகவே பின்னுக்குச் சென்றது. ஆகவே பழக்கத்தை மாற்றும் விழிப்புணர்வுப் பரப்புரையைவிட, நிரப்பும் உருளையின் விலையும் அது வீட்டை வந்தடையும் ஒழுங்குமே முதலில் கருதப்பட வேண்டியவை. ‘எரிவாயுவால் பயன் நிறுவப்படவில்லை’ என்னும் வரி மானியத்தைக் குறைப்பதற்கான வாதமாக மாறுமாயின், ஆய்வு சொல்லாத ஒன்றை ஆய்வின் பெயரால் சொல்வதாகிவிடும்.

தமிழாய்வாளர்க்கும் இதில் பணியுண்டு. அடுப்பு, புகை, சமையலறை பற்றிய இலக்கியப் பதிவுகளை மனையறச் சிறப்பாகவோ கிராமிய நினைவாகவோ மட்டும் வாசிக்காமல், உழைக்கும் உடலின் பதிவாகவும் வாசித்தல் வேண்டும். விறகு பொறுக்குதல், வறட்டி தட்டுதல், அடுப்பு மெழுகுதல் ஆகியவற்றின் வட்டாரச் சொற்களையும் அவற்றிற்குச் செலவாகும் நேரத்தையும் பெண்களின் வாய்மொழியாகவே தொகுத்தல் வேண்டும். மருத்துவ ஆய்வின் முதன்மை விளைவுகளில் இடம்பெறாத பெண் அத்தொகுப்பில் இடம்பெறுவாள். நெடுஞ்சாலைப் பலகை விறகடுப்பின் சுவையை ஏற்கெனவே போதிய அளவு சொல்லிவிட்டது. சொல்லப்பட வேண்டியது அடுப்பின் மறுபுறத்தில் அமர்ந்திருப்பவளின் கூற்று.